நடுக்களத்தில் நால்வரா, ஐவரா?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, உண்மை ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு ஃபேன்டஸி பிரீமியர் லீக். எங்கள் மதுரை நண்பர்கள் குழு அதில் ஆடுவது, பருவம் முழுவதும் சேர்ந்த மொத்தப் புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தும் வழக்கமான மினி லீக் அல்ல. வாரந்தோறும் ஒருவர் இன்னொருவரை நேருக்கு நேர் சந்திக்கும் ஹெட்-டு-ஹெட் லீக் அது. அந்த வாரம் யாருடைய அணி கூடுதல் புள்ளி எடுக்கிறதோ அவருக்கு 3 புள்ளி. சமமாக முடிந்தால் ஆளுக்கு 1. தோற்றவருக்கு எதுவும் இல்லை. 90 எடுத்தும் 91 எடுத்தவரிடம் தோற்கலாம். 35 எடுத்தும் 34 எடுத்தவரை வெல்லலாம். ஆகவே நம்முடையது நல்ல அணியா என்று பார்ப்பது மட்டும் போதாது. இந்த வாரம் எதிரே நிற்பவரின் அணியோடு வைத்துப் பார்க்கும்போது அது எப்படி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் ஆனதும் திருநகர், தல்லாகுளம், ஆனையூர், திண்டுக்கல் என்று நாலா பக்கமிருந்தும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் வந்து விழும்: "அண்ணே, மிட்ஃபீல்டுல நாலு பேரா, அஞ்சு பேரா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் ஆட்களைப் பொருத்தப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆட்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு முடித்த பிறகு எஞ்சி நிற்பதுதான், தடுப்பாட்டம்-நடுக்களம்-முன்களம் என்ற வரிசையில் நாம் எழுதும் 3-5-2 அல்லது 3-4-3 என்ற எண்.

விதியிலிருந்தே இதைக் காட்டலாம். 100 மில்லியன் பவுண்டு பணத்தில் 2 கோல்கீப்பர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்கள வீரர், 3 முன்கள வீரர் என 15 பேரை வாங்குகிறோம். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. களமிறங்கும் பதினொருவரில் கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டத்தில் குறைந்தது மூவர், நடுக்களத்தில் குறைந்தது இருவர், முன்களத்தில் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். இந்த ஏழு இடங்களும் விதி கேட்பவை. நாம் எந்த வியூகத்தை எடுத்தாலும் இவற்றைத் தவிர்க்க முடியாது. மீதி நான்கு இடங்கள் மட்டுமே நம் விருப்பத்துக்கு உட்பட்டவை. அந்த நான்கு இடங்களுக்கு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள் என ஏழு பேர் போட்டியிடுகிறார்கள். சாத்தியமான வியூகங்கள் மொத்தம் எட்டுதான். ஆனால் ஒழுங்காகக் கட்டப்பட்ட அணியில் அந்த நான்கில் மூன்று இடங்கள் தாமாகவே நிரம்பிவிடும். நாலாவது இடத்துக்குத்தான் உண்மையான சண்டை. ஐந்தாவது நடுக்கள வீரர், மூன்றாவது முன்கள வீரர், நான்காவது தடுப்பாட்டக்காரர் ஆகிய மூவரும் அந்த ஓர் இடத்துக்காக மோதுகிறார்கள். வாரத்தின் தந்திரம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கிவிடுகிறது.

புள்ளிக் கணக்கைப் பார்த்தால் முதலில் நடுக்கள வீரருக்கே சாதகமாகத் தெரியும். ஒரு கோலுக்கு முன்கள வீரருக்கு 4 புள்ளி, நடுக்கள வீரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6. அணி கோல் வாங்காமல் ஆட்டத்தை முடித்தால், 60 நிமிடம் ஆடிய நடுக்கள வீரருக்குக் கிளீன் ஷீட்டுக்காக 1 புள்ளி சேரும்; முன்கள வீரருக்கு அது கிடையாது. ஒரே ஆட்டத்தில், ஒரே மாதிரி ஒரு கோல் அடித்து, அணி 1-0 என்று வென்றால், 60 நிமிடம் ஆடியதற்கான 2 புள்ளியையும் சேர்த்து நடுக்கள வீரர் 8 புள்ளியும் முன்கள வீரர் 6 புள்ளியும் பெறுவார்கள். இதன் விளைவு என்னவென்பதை இரண்டு பெரிய பருவங்களை அருகருகே வைத்தால் காணலாம். 2022-23இல் ஏர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்து பிரீமியர் லீக்கின் ஒரு பருவச் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். ஃபேன்டஸியில் அவர் எடுத்தது 272 புள்ளி. 2024-25இல் முகமது சலா 29 கோலும், சக வீரர்கள் கோல் அடிக்கப் பந்து தந்த 18 அசிஸ்ட்டும் தந்து 344 புள்ளி எடுத்தார். 2017-18இல் 32 கோலோடு அவரே எடுத்திருந்த 303ஐத் தாண்டிய சாதனை அது. ஹாலண்டின் 36 கோலுக்கு நான்கு நான்காக 144 புள்ளி. சலாவின் 29 கோலுக்கு ஐந்தைந்தாக 145 புள்ளி. ஏழு கோல் குறைவாக அடித்தவர் கோல் கணக்கில் மட்டுமே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறார். அசிஸ்ட்டுக்கு மூன்று மூன்றாக வரும் புள்ளிகளும் கிளீன் ஷீட் புள்ளிகளும் இதற்கு மேல் சேர்ந்தவை.

இதைச் சொன்னவுடன் பலரும் "அப்படியானால் எப்போதும் ஐந்து நடுக்கள வீரர்கள்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறப்பாக ஆடியவர்களுக்குக் கூடுதலாகத் தரும் போனஸ் புள்ளிகளைக் கணக்கிடும் முறையில் முன்கள வீரரின் கோலுக்கு 24 அலகு, நடுக்கள வீரரின் கோலுக்கு 18 அலகு, தடுப்பாட்டக்காரரின் கோலுக்கு 12 அலகு என்று வைத்திருக்கிறார்கள். இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்த ஆட்டத்தில், 3 புள்ளி போனஸ் முன்கள வீரரின் பக்கமே சாய்வதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கோலுக்கு ஒரு புள்ளி குறைவு என்ற நட்டம் போனஸில் ஓரளவு ஈடாகிவிடுகிறது. கோல் அடிக்காத வாரத்தில்தான் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையில் பெரிதாகிறது. முன்கள வீரர் வெறும் 2 புள்ளியோடு நிற்பார், நடுக்கள வீரருக்கு வேறு வழிகளில் ஏதாவது சேரும்.

இப்போது நடுக்கள வீரர் என்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். ஃபேன்டஸிப் பட்டியலில் நடுக்களம் என்ற தலைப்பின்கீழ் வருபவர்கள் ஒரே வேலையைச் செய்பவர்கள் அல்லர். வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து கோல் அடிக்கும் சலாவும் 2025-26 பட்டியலில் அங்கேதான் இருந்தார். தடுப்பாட்ட வரிசைக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கும் செல்சியின் மொய்சஸ் கெய்செடோவும் அங்கேதான் இருந்தார். திண்டுக்கல்லில் பல காலம் கால்பந்து ஆடிய பெரியவர் ஒருவர் சில ஞாயிறுகளில் எங்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். சலாவை நாங்கள் மிட்ஃபீல்டர் என்று சொல்லும்போதெல்லாம், "அவன் ரைட் அவுட்டுப்பா, எந்தக் காலத்துல ஹாஃப் லைன்ல நின்னான்?" என்பார். அந்தக் காலப் பேச்சில் ரைட் அவுட் என்றால் வலது ஓரத் தாக்குநர், ஹாஃப் லைன் என்றால் நடுக்கள வரிசை. அவருடைய கண்ணோடு பார்ப்பதே ஃபேன்டஸிக்கும் சரியான வழி. பட்டியல் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, கிளப்பின் உண்மையான வியூகத்தில் அந்த ஆள் எங்கே நிற்கிறார், பந்து எதிரணியின் பெனால்டி கட்டத்துக்குள் போகும்போது அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

பட்டியல் மாற்றம் மட்டுமே புள்ளி தந்துவிடாது என்பதற்கு ஒபமெயாங் நல்ல சான்று. 2019-20இல் ஆர்சனலுக்காக 22 லீக் கோல் அடித்தவரை 2020-21இல் ஃபேன்டஸி, முன்களத்திலிருந்து நடுக்களத்துக்கு மாற்றியது. கோலுக்கு 5 புள்ளி என்ற ஆசையில் ஏராளமானோர் அவரை வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர் அடித்தது 10 கோல். காய் ஹாவெர்ட்ஸின் கதை இதற்கு மாறானது. 2023-24இல் அவர் பட்டியலில் நடுக்கள வீரர். ஆனால் பருவத்தின் பிற்பகுதியில் ஆர்சனல் அவரை நடு முன்களத்தில் நிறுத்தியது. அந்த மாதங்களில் கவனித்து வாங்கியவர்களுக்கு, ஒரு சென்டர் ஃபார்வர்டின் கோல்கள் நடுக்கள விலையில், ஐந்து புள்ளி வீதம் கிடைத்தன. அடுத்த பருவத்திலேயே அவரை முன்கள வீரராக மாற்றிவிட்டார்கள். ஆகவே பட்டியலுக்கும் களத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி திறந்திருக்கும் காலம் குறுகியது.

இன்னும் நுட்பமான சான்று இல்காய் குண்டோகன். 2020-21இல் மான்செஸ்டர் சிட்டி பல ஆட்டங்களில் முறையான சென்டர் ஃபார்வர்டு இல்லாமலே ஆடியது. முன்னால் நிற்க வேண்டியவர் பின்வாங்கி வந்து பந்தைக் கேட்டதால், எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்களும் அவரோடு வெளியே இழுபட்டார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்துக்குள் பின்னாலிருந்து ஓடிவந்து சேர்ந்தவர் குண்டோகன். அதுவரை ஆழத்தில் நின்று ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர், 13 கோலுடன் அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் சிட்டியின் அதிகக் கோல் அடித்தவராக முடித்தார். அவருடைய திறமை ஓர் இரவில் மாறிவிடவில்லை. அணியின் அமைப்பு மாறியது, அவர் போய்ச் சேரும் இடம் மாறியது. ஐந்தாவது நடுக்கள வீரரைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அவருக்கு முன்னால் நிற்கும் முன்கள வீரர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரா, இடத்தைத் திறந்துவிடுபவரா?

மூவர் தடுப்பாட்டம் ஆடும் அணிகளுக்கு இது வேறு விதமாகப் பொருந்தும். ஒலிவர் கிளாஸ்னரின் கிரிஸ்டல் பேலஸ் ஆடிய 3-4-2-1ஐ எடுத்துக்கொள்வோம். முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நின்ற இருவர்தான் அங்கே கோலும் அசிஸ்ட்டும் தந்தார்கள். எபெரெச்சி எஸே அப்படி நின்றவர்தான். நடுவில் நின்ற இருவர் ஆட்டத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவர்களாக இருந்தாலும் ஃபேன்டஸிக்கு அதிகம் தரவில்லை. ஓரத்தில் ஓடிய டேனியல் முன்யோஸ் பட்டியலில் தடுப்பாட்டக்காரர். ஆனால் எதிரணியின் பெனால்டி கட்டம் வரை போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார். 2025 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டிக்கு எதிராக விழுந்த ஒரே கோலை எஸே அடித்தார், பந்தை அனுப்பியவர் முன்யோஸ். இரண்டும் அந்த வியூகத்தின் இயல்பான விளைவுகள். இத்தகைய கிளப்பில் நான்காவது தடுப்பாட்டக்காரராக, முன்யோஸைப் போல ஓரத்தில் ஏறி ஓடும் ஒரு விங்-பேக் கிடைத்தால், வேறு கிளப்பின் சாதாரண நடுக்கள வீரரைவிட அவரே மேல். காகிதத்தில் நம் அணி 4-4-2 என்று தெரியும். உண்மையில் ஐந்து நடுக்கள வீரர்களோடு ஆடுவதற்கு அது சமம்.

இதே வியூகம் இன்னொருவரின் மதிப்பைக் குறைத்ததையும் பார்த்தோம். 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து 3-4-2-1ஐக் கொண்டுவந்த பின், புரூனோ ஃபெர்னாண்டஸ் பல ஆட்டங்களில் நடுவில் நின்ற இருவரில் ஒருவராக ஆட வேண்டியதாயிற்று. பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் கார்னரும் அவர் காலில் இருந்ததால் புள்ளிகள் அற்றுப்போய்விடவில்லை. ஆனால் திறந்த ஆட்டத்தில் எதிரணியின் கட்டத்துக்கு அவர் இருபது கஜம் தள்ளியே நின்றார். பெனால்டி, ஃப்ரீ கிக், கார்னர் போன்ற செட் பீஸ் பொறுப்பு இல்லாத ஒருவரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவரை வாங்குவதற்கான காரணமே போய்விடும். 2023-24இல் 22 கோல் அடித்த செல்சியின் பாமர் அவற்றில் 9 கோலைப் பெனால்டியில் அடித்தார் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். நடுக்கள வீரரை ஒப்பிடும்போது நிற்கும் இடம் முதல் கேள்வி என்றால், பெனால்டி யார் அடிப்பது என்பது இரண்டாவது கேள்வி.

2025-26 பருவத்தில் வந்த தடுப்புப் பங்களிப்பு விதி இந்த ஒப்பீட்டையெல்லாம் புரட்டிப் போட்டது. எனக்கு அது மிகவும் பிடித்த மாற்றம். கிளியரன்ஸ் (பந்தை ஆபத்திலிருந்து வெளியே அடிப்பது), பிளாக் (அடியைத் தடுப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), டேக்கிள் (பந்தைப் பறிப்பது) நான்கும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் பத்தை எட்டினால் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளி. நடுக்கள வீரருக்கும் முன்கள வீரருக்கும் இவற்றோடு பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். ஆனால் பன்னிரண்டை எட்ட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 2 புள்ளிக்கு மேல் இதில் கிடைக்காது. அதுவரை ஃபேன்டஸியில் யாரும் திரும்பிப் பார்க்காத கெய்செடோவும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் எலியட் ஆண்டர்சனும் இந்த ஒரு விதியால் பலருடைய அணிக்குள் வந்தார்கள். கோலும் இல்லை, அசிஸ்ட்டும் இல்லை, கிளீன் ஷீட்டும் இல்லை என்ற வாரத்திலும் அவர்கள் 4 புள்ளியோடு வெளியேற முடிகிறது. மூன்றாவது முன்கள வீரர் கோல் அடிக்காவிட்டால் அவருக்கு 2தான். பன்னிரண்டு தடுப்புச் செயல்களை எட்டும் முன்கள வீரர் மிக அரிது.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு தலைகீழான நியாயத்தைக் கவனிக்க வேண்டும். தாக்கும் நடுக்கள வீரருக்கு எளிய எதிரணி வேண்டும். பந்தைப் பறிக்கும் நடுக்கள வீரருக்கோ கடினமான எதிரணிதான் வேலை தருகிறது. அவருடைய அணி பந்தை வைத்திருக்காமல் தடுத்துக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில்தான் டேக்கிளும் மீட்பும் குவிகின்றன. ஆகவே ஐந்தாவது இடத்துக்கு ஒரு தாக்குபவரையும் ஒரு தடுப்பவரையும் அணியில் வைத்திருந்தால், ஆட்ட அட்டவணையைப் பார்த்து மாற்றி மாற்றி இறக்கலாம். சிட்டியோடு மோதும் வாரத்தில் ஃபாரஸ்ட்டின் தாக்குபவரை உட்காரவைத்து ஆண்டர்சனை இறக்குவதில் தயக்கமே வேண்டாம்.

இனி எதிராளியின் அணியைப் பற்றிப் பேசுவோம். மொத்தப் புள்ளி லீக்கில் ஆடுபவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஹெட்-டு-ஹெட்டில் இதுவே பாதி ஆட்டம். வாரத்தின் அணியை இறுதி செய்ய வேண்டிய டெட்லைன் வரை எதிராளியின் புதிய அணி நமக்குத் தெரியாது. சென்ற வாரம் அவர் எந்தப் பதினொருவரை இறக்கினார், யாரை இரட்டைப் புள்ளி தரும் கேப்டனாக்கினார், பருவத்தில் சில முறை மட்டுமே கிடைக்கும் சிறப்புச் சலுகைகளான சிப்களில் எவற்றை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார் என்பவை தெரியும். அதை வைத்து ஊகிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வீரரை மாற்றும் டிரான்ஸ்ஃபர் மட்டும் செய்து பழகியவர், திடீரென்று கூடுதல் மாற்றத்துக்கு நான்கு புள்ளி வீதம் கழித்துக்கொண்டு மூன்று பேரை மாற்றமாட்டார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இரு அணிகளிலும் பொதுவாக இருக்கும் வீரர்களின் பெயர்களை முதலில் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். இருவரும் ஹாலண்டை வைத்திருந்து இருவரும் அவரையே கேப்டனாக்கினால், அவர் மூன்று கோல் அடித்தாலும் ஒரு கோலும் அடிக்காவிட்டாலும் நம் ஆட்டத்தின் முடிவில் மாற்றமில்லை. எங்கள் லீக்கில் பருவத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது, எந்த இரு அணிகளை எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்ட வீரர்கள் பொதுவாகவே இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே புள்ளிவிவரங்களைத்தான் படிக்கிறோம். மிஞ்சும் நான்கைந்து பேருக்குள்தான் உண்மையான மோதல். அந்த நான்கைந்தில் மேலே சொன்ன நாலாவது இடமும் ஒன்று என்பதால்தான், மொத்தப் புள்ளி லீக்கில் சிறிதாகத் தோன்றும் இந்தத் தேர்வு இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதாகிறது.

தல்லாகுளத்து நண்பரோடு மோதும் வாரங்களில் நான் பார்ப்பது இப்படி. அவருக்கு ஆர்சனல் தடுப்பாட்டத்தின்மீது அசையாத நம்பிக்கை. கோல்கீப்பர் ராயா, சாலிபா, கேப்ரியல் என்று மூன்று இடத்தையும் அங்கேயே நிரப்பிவிடுவார். என்னிடம் அவர்களில் கேப்ரியல் மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்சனல் கோல் வாங்காமல் முடித்தால் அவருக்கு 12 புள்ளி, எனக்கு 4. அந்த வாரம் ஆர்சனலோடு மோதும் அணியின் நடுக்கள வீரர் ஒருவர் என் ஐந்தாவது இடத்துக்குத் தகுதியோடு காத்திருக்கிறார். அவர் ஒரு கோல் அடித்தால் எனக்கு 5 புள்ளி வருவதோடு, நண்பரின் 12உம் என் 4உம் ஒருசேரக் கரைகின்றன. நிகர நகர்வு 13 புள்ளி. சாதாரண ஆட்டத்தில் 5 புள்ளி தரும் ஒரு கோல், இந்த எதிராளிக்கு எதிராக 13 புள்ளியாக மாறுகிறது. அது நடப்பதற்கான வாய்ப்பு குறைவுதான், ஆர்சனல் எளிதில் கோல் தருவதில்லை. ஆகவே எப்போது இதைச் செய்வது என்பதற்கு ஒரு வரையறை தேவை.

என் வரையறை இது. பொதுவான வீரர்களை அடித்துவிட்டுப் பார்க்கும்போது நம் மீதி ஆட்கள் எதிராளியின் மீதி ஆட்களைவிட வலுவாக இருந்தால், ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டும். அவரிடம் இருக்கும் பெரிய நடுக்கள வீரர் நம்மிடமும் இருக்கட்டும். நாலாவது இடத்துக்குக் கெய்செடோ போன்ற, ஆட்டத்துக்கு ஆட்டம் சீராக நான்கைந்து புள்ளி தரும் ஒருவரையோ, நம்பகமான நடுத் தடுப்பாட்டக்காரரையோ எடுக்கலாம். நாம் பின்தங்கியிருந்தால் ஏற்ற இறக்கத்தைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் ஆர்சனலுக்கு எதிராக ஆடுபவரை இறக்குவதும், எதிராளியிடம் இல்லாத மூன்றாவது முன்கள வீரரை வைத்து 3-4-3 ஆடுவதும் பொருள் உள்ளவை. சராசரியாக இருவரும் ஒரே புள்ளி தரக்கூடியவர்களாக இருந்தாலும், ஒருவர் வாரந்தோறும் 4 எடுப்பவராகவும் மற்றவர் மூன்று வாரம் 2 எடுத்து நாலாவது வாரம் 10 எடுப்பவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சராசரி நான்குதான். ஆனால் வலுவான அணிக்கு எதிராக இறங்குபவருக்கு இரண்டாமவரே தேவை, வலுவான அணியை வைத்திருப்பவருக்கு முதலாமவரே தேவை. மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து வியூகம் அமைப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-26 தொடக்கத்தில் சலாவின் விலை 14.5, ஹாலண்டின் விலை 14.0. இருவரையும் வாங்கினால் மீதி 13 பேருக்கு 71.5 மில்லியன், சராசரியாக ஆளுக்கு 5.5. இப்படி வாங்கியவர் நல்ல ஐந்தாவது நடுக்கள வீரரையும் நல்ல மூன்றாவது முன்கள வீரரையும் ஒருசேர வைத்திருக்க முடியாது. ஏதாவது ஒரு வரிசையை மலிவாக விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பருவத்தின் நவம்பர் இறுதியில் சலா லிவர்பூலின் தொடக்கப் பதினொருவரிலிருந்தே வெளியே வைக்கப்பட்டபோது, அவ்வளவு பணமும் பென்ச்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். விலையுயர்ந்த இருவரைவிட நடுக்களத்தில் 7 முதல் 9 மில்லியன் வரையிலான மூன்று நான்கு பேரைப் பரவலாக வைத்திருப்பதே ஹெட்-டு-ஹெட்டுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். ஏனெனில் எதிராளிக்கு ஏற்ப மாற்றி இறக்குவதற்கு அதில்தான் இடம் இருக்கிறது.

களமிறங்காமல் மாற்றாக நிற்கும் நால்வரின் பென்ச் வரிசையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வியூகத்தின் மறுபக்கம் அதுதான். டெட்லைன் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே முடிந்துவிடும். இங்கிலாந்தில் கோடை நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில் சனிக்கிழமை மதிய ஆட்டம் நமக்கு மாலை 5 மணிக்கு என்றால், டெட்லைன் பிற்பகல் 3.30, அக்டோபர் இறுதியில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு 4.30. களமிறங்கும் பதினொருவரின் பட்டியலைக் கிளப்கள் வெளியிடுவது அதற்குப் பின்னால்தான். திங்கள் இரவு ஆட்டம் நமக்குச் செவ்வாய் அதிகாலையில் நடக்கிறது. அதில் ஆடப்போகும் வீரரின் நிலையைச் சனிக்கிழமையே ஊகித்தாக வேண்டும். நம் ஆள் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால் பென்ச்சில் முதலில் இருப்பவர் தானாக உள்ளே வருவார், ஆனால் வியூக விதி குலையாமல் இருந்தால் மட்டுமே. மூவர் தடுப்பாட்டத்தில் ஒருவர் ஆடாமல் போனால், பென்ச்சின் முதல் இடத்தில் 12 புள்ளி எடுத்த நடுக்கள வீரர் இருந்தாலும் அவர் வர முடியாது. பின்னால் இருக்கும் தடுப்பாட்டக்காரர்தான் வருவார். நால்வரை இறக்கியிருந்தால் அதே நடுக்கள வீரர் உள்ளே வந்திருப்பார். ஆகவே தடுப்பாட்டக்காரர்களில் யாராவது காயத்தோடு ஐயத்தில் இருக்கும் வாரத்தில் 4-4-2 ஆடி, ஐந்தாவது நடுக்கள வீரரைப் பென்ச்சின் முதல் இடத்தில் வைப்பது, அதே ஆட்களை வைத்துக்கொண்டே கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது. எங்கள் குழுவில் அதிகம் கவனிக்கப்படாத தந்திரம் இதுதான்.

டிசம்பர் இறுதியிலும் புத்தாண்டையொட்டியும் ஆட்டங்கள் சில நாள் இடைவெளியில் அடுக்கடுக்காக வரும்போது இது இன்னும் முக்கியமாகிறது. அந்த நாட்களில் பயிற்சியாளர்கள் முதலில் ஓய்வு தருவது ஓரத்தில் ஓடும் தாக்குநர்களுக்கும் முன்கள வீரர்களுக்கும்தான். நடுத் தடுப்பாட்டக்காரர்களையும் நடுக்களத்தில் பந்தைப் பறிப்பவர்களையும் அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. 60 நிமிடத்தில் வெளியே அழைக்கப்படும் தாக்குநரைவிட, 90 நிமிடமும் நின்று பத்துப் பன்னிரண்டு முறை பந்தைத் தடுப்பவர் அந்த வாரங்களில் கூடுதல் மதிப்புள்ளவர். ஆகவே அந்த ஆட்டங்களுக்கு நான் 4-4-2ஐ எடுத்து, நால்வர் நடுக்களத்தில் ஒருவராவது பந்தைப் பறிப்பவராக இருக்குமாறு பார்த்துக்கொள்வேன். ஜனவரி நடுவில் ஆட்டங்களுக்கு இடையே முழு வாரம் கிடைக்கத் தொடங்கியதும், அடுத்து வரும் எதிராளியின் அணியைப் பார்த்துவிட்டு, ஐந்தாவது நடுக்கள வீரருக்கும் மூன்றாவது முன்கள வீரருக்கும் இடையிலான ஒப்பீட்டை மறுபடியும் கையில் எடுப்பேன்.